இருபத்திரண்டாவது ஜோடி

நூல்கடைக்காரிக்கு அந்த மாதம் யார் யார் மேல் கோபம் வந்தது என்று கேட்டால், வராதவர்களின் பெயரைச் சொல்வதுதான் சுலபம். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது, அவளுடைய பெயர்.

எல்லாம் அந்த அட்டைப்பெட்டியால் வந்தது. கடைக் கதவை ஒட்டி மூன்று வருடமாக இருக்கிற பெட்டி. 'உங்கள் கையால் ஒன்று, இல்லாதவர்களுக்கு' என்று அவளே பட்டையாக எழுதி ஒட்டியிருந்தாள். நூல் வாங்குகிறவர்கள் மிச்ச நூலில் எதையாவது பின்னி அதில் போட வேண்டும். ஆண்டு இறுதி விடுமுறைக்கு முன்னால் அவள் அதையெல்லாம் இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆண்கள் முதியோர் இல்லத்துக்கு அனுப்புவாள். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் பெட்டியில் விழுந்ததெல்லாம் குழந்தைத் தொப்பி. ரோஜா நிறத்தில், எலுமிச்சை நிறத்தில், உச்சியில் குஞ்சம் வைத்தது, முயல் காது வைத்தது. ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும், தர்மம் செய்த திருப்தியும் கிடைக்கும். போட்டுக்கொள்ளத் தலை இருக்கிறதா என்று யார் யோசித்தார்கள்?

ஆறு வாரம் முன்பு இல்லத்தின் வார்டன் ஒரு பெரிய துணிப்பையோடு கடைக்கே வந்துவிட்டார். பையைக் கல்லா மேல் கவிழ்த்தார். போன வருடத்துத் தொப்பிகள் உருண்டன.

"அம்மா, எங்ககிட்ட இருக்கிறது இருபத்திரண்டு ஆம்பளைங்க. அதுல சின்னவருக்கே அறுபத்தெட்டு வயசு. நீங்க அனுப்பினது அறுபத்தொரு குழந்தைத் தொப்பி. நாங்க என்னதான் பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

"என்ன பண்ணீங்க?"

"டீ கெட்டிலுக்கு ஒண்ணு போட்டோம். அவிச்ச முட்டை ஆறாம இருக்க ஆளுக்கொண்ணு. மிச்சத்த என்ன பண்றதுன்னு தெரியல, எடுத்துட்டு வந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. வார்டன் ஒரு சீட்டை நீட்டினார். சாக்ஸ். இருபத்திரண்டு ஜோடி. பெரிய சைஸ், தடிமனானது, இருட்டு நிறம், மெஷினில் துவைக்கிற மாதிரி. இருபத்திரண்டு கட்டிலும் இருக்கிற மேல்மாடியில் ஹீட்டர் செத்துப்போயிருந்தது. அதற்கு வேண்டிய பாகம் விடுமுறை முடிந்துதான் வருமாம். தரை முழுக்க டைல்ஸ். காலை வைத்தால் ஐஸில் வைத்த மாதிரி இருக்கிறது என்றார்.

கேட்டது வார்டன் மட்டுமென்றால் சீட்டைச் சுவரில் குத்திவிட்டு மறந்திருப்பாள். ஆனால் அந்த மேல்மாடியில் ஏழாம் நம்பர் கட்டில் அவளுடைய அண்ணனுடையது.

இரண்டு வருடம் முன்பு அண்ணன் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவருக்கு வேறு ஆளில்லை. அவள் குடியிருப்பது கடைக்கு மேலே; பத்தொன்பது படி, செங்குத்தான படி. "ரெண்டே மாசம்ண்ணே. கடையோட பின்னறையைக் காலி பண்ணிட்டு வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று சொல்லித்தான் லிஃப்ட் இருக்கிற இந்த இல்லத்தில் விட்டாள். பின்னறையில் அன்றைக்கு நூல் மூட்டை இடுப்பு உயரம் இருந்தது. இன்றைக்குக் கூரையைத் தொடுகிறது. அண்ணன் ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை.

பார்க்கப் போகாமலும் இல்லை. வாரம் ஒரு நாள் கதவில் 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்ற பலகையை மாட்டிவிட்டுப் போவாள். போக மூன்று நிமிடம், வர மூன்று நிமிடம். மிச்சம் நாலு நிமிடம் அண்ணனுக்கு. அந்த நாலு நிமிடத்தில் ஒரு நாள் அவர் சொன்னார், "கால்தான் கொஞ்சம் சில்லுன்னு இருக்கு பாப்பா. வேற ஒண்ணுமில்ல." அறுபது வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிட அவர் ஒருவர்தான் இருக்கிறார். இரண்டு வருடத்தில் அவர் வாய்விட்டுச் சொன்ன குறை அது ஒன்றுதான்.

"எங்கண்ணனுக்கு நானே பின்னித் தந்துடறேன், நாளைக்கே" என்றாள் வார்டனிடம்.

வார்டன் தலையை ஆட்டினார். "அதுதான் கூடாது. போன வருஷம் ஒருத்தரோட பொண்ணு அவருக்கு மட்டும் ஒரு மப்ளர் குடுத்துச்சு. ரெண்டாம் நாள் அது பக்கத்துக் கட்டில்காரர் கழுத்துல இருந்துச்சு. மூணாம் நாள் ஒரு கண்ணாடி உடைஞ்சு, ஒரு பல்செட்டு ஜன்னலுக்கு வெளிய போச்சு. அன்னிக்கிலேர்ந்து ஒரே சட்டம். குடுத்தா இருபத்திரண்டு பேருக்கும் ஒண்ணா குடுக்கணும், இல்லேன்னா ஒருத்தருக்கும் கிடையாது. விடுமுறைக்கு முன்னாடி வர்ற வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஆபீஸைப் பூட்டிடுவேன். அதுக்குள்ள வராதது பத்து நாள் ஸ்டோர்ல தூங்கும்."

ஆக, ஓர் அண்ணன் காலை மூட வேண்டுமானால் ஊரான் கால் இருபத்தொன்றையும் மூடியாக வேண்டும். இருபத்தொன்றா? கால் என்று எண்ணினால் நாற்பத்திரண்டு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையின் வட்டமேசையைச் சுற்றி உட்கார்ந்து பின்னுகிறவர்கள் பத்துப் பேர். அவர்களை வைத்துத்தான் இதைச் செய்தாக வேண்டும். ஆளுக்கு இரண்டு ஜோடி, மிச்சம் இரண்டு ஜோடி தனக்கு என்று பங்கு பிரித்தாள். பெயர்ப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் இரண்டு கட்டம். ஒரு ஜோடி முடிந்தால் ஒரு கட்டத்தில் சிவப்பு மையில் டிக். எல்லாரும் தலையாட்டினார்கள், அருமையான யோசனை என்றார்கள். அடர் சாம்பல், கறுப்பு, கருநீலம் என்று நூலும் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு விடுமுறைப் பரிசுப் பைத்தியம் பிடித்தது. வருடா வருடம் பிடிப்பதுதான். கடையில் கால் வைக்க இடமில்லை. மருமகனுக்குப் பத்து நாளில் ஸ்வெட்டர் முடியுமா என்று ஒருத்தி. மேலதிகாரிக்குக் கையுறை, ஆனால் அவர் கை அளவு தெரியாது என்று ஒருத்தர். வட்டமேசைக்காரர்களும் மனிதர்கள்தானே? வீட்டாருக்குப் பின்னும்போது மெல்லிசு நூல், கோலம் போட்ட மாதிரி வேலைப்பாடு. இல்லத்துக்கு என்றால் கொட்டாவி. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு.

காலுறை பின்னுகிறவர்களுக்கென்று ஒரு வியாதியும் உண்டு. முதல் காலுறையை ஆசை ஆசையாகப் பின்னுவார்கள். குதிகால் திரும்புகிற இடத்தில் புதிரை அவிழ்த்த சந்தோஷம். முடித்ததும் காலில் மாட்டி எல்லாருக்கும் காட்டுவார்கள். இரண்டாவது என்றால் அதே குதிகால், அதே எண்ணிக்கை, புதிதாக ஒன்றுமில்லை. கை நகராது. ஊசிகளை மூலையில் வைத்துவிட்டு வேறு ஏதாவது ஆரம்பிப்பார்கள். உலகத்தில் எத்தனையோ அலமாரிகளில் எத்தனையோ ஒற்றைக் காலுறைகள் துணைக்காகக் காத்துக்கிடக்கின்றன.

கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்த செவ்வாய்க்கிழமை அவள் வசூல் செய்ய உட்கார்ந்தாள். பல் டாக்டர் முதலில் வந்தார். அழகான கருநீலக் காலுறை ஒன்றை மேசையில் வைத்தார்.

"இன்னொண்ணு?"

"அது வந்துட்டே இருக்கு."

"எங்க வந்துட்டிருக்கு? பஸ்ல வருதா?"

நிஜமாகவே பஸ் ஓட்டுகிற அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவசரமாகப் பையைத் திறந்து இரண்டு காலுறைகளை எடுத்து வைத்தாள். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல்.

"இது ஜோடியா?"

"ரெண்டு இருக்கே! இருட்டு கலர்னுதானே சொன்னீங்க? ரெண்டும் இருட்டுதான்."

அடுத்து அக்கா தங்கை இருவர். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஆளுக்கொரு காலாகப் பங்கு போட்டுப் பின்னியிருந்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் அக்கா நூலைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி இழுத்துப் பின்னுகிறவள், தங்கை காற்று வாங்க விடுகிறவள். சுற்றுக்கு அறுபது நூல் கண்ணிதான் இரண்டிலும். ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போதும். இன்னொன்றில் பிள்ளையையே போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம்.

மேசையில் மொத்தம் பதினேழு காலுறை. ஜோடி என்று சொல்லத்தக்கது மூன்று.

"உங்க வீட்டுக்காரருக்கு ஒரு கைதான் வெச்சு ஸ்வெட்டர் பின்னிக் குடுப்பீங்களா?" என்று ஆரம்பித்தாள் கடைக்காரி. குரல் தெருவுக்குக் கேட்டது. "பரிசுன்னா முழுசு, தர்மம்னா பாதியா? அங்க இருக்கிறவங்க ஒரு காலைத் தூக்கிட்டு நொண்டி விளையாடணுமா?"

"செயற்கைக் கால் செய்யற இடம் ஒண்ணு இருக்கே, அங்க ஒத்தை ஒத்தையா வாங்கிப்பாங்களோ என்னவோ" என்றாள் பஸ் அக்கா, மெல்ல.

எரிகிற கோபத்திலும் அது கொஞ்சம் புத்திசாலித்தனமாகப் பட்டது. இதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஜோடி வாங்கித் தரச் சொல்லலாமா என்றுகூட நினைத்து, ஃபோன் செய்தாள். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள், "அம்மா, செயற்கைக் காலுக்கும் ஷூ போடுவாங்க, சாக்ஸும் போடுவாங்க. எங்க ஆளுங்களுக்கும் ஜோடிதான் வேணும்." கடைக்காரி மன்னிப்புக் கேட்டுவிட்டு ஃபோனை வைத்தாள். தன் வெட்கத்துக்கும் சேர்த்துப் பஸ் அக்காவை முறைத்தாள்.

அப்புறம்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். சிவப்புப் பேனாவை எடுத்துப் போய்ப் பட்டியலில் தன் பெயருக்கு எதிரே இரண்டு கட்டத்திலும் அழுத்தி டிக் போட்டாள்.

"நான் முடிச்சுட்டேன். கடையும் பாத்துக்கிட்டு, உங்க எல்லார் குதிகாலையும் பிரிச்சுத் திருத்திக்கிட்டு, ரெண்டு ஜோடி. உங்களுக்கு என்ன கேடு?"

பாதிப் பொய். ஒரு ஜோடி முடிந்திருந்தது. அண்ணனுடைய ஜோடியில் வலது முடிந்து, இடதில் பாதமும் குதிகாலும் மட்டும் வந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே இன்னும் ஒன்றுமில்லை. ஆனால் அது என்ன பெரிய விஷயம்? அவள் கைவேகத்துக்கு ஒரு சாயங்கால வேலை. சாம்பல் நிறக் காலுறையை ஊசிகளோடும் நூல் உருண்டையோடும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, 'ஏழு' என்று சீட்டுக் கட்டி அலமாரி மேல்தட்டில் வைத்தாள்.

டிக் வேலை செய்தது. எல்லாருக்கும் ரோஷம் வந்தது. கடைசி வாரம் வட்டமேசை தினமும் கூடியது. ஆனால் ரோஷம் வந்தால் மட்டும் கை வந்துவிடுமா? அக்கா தங்கையில் தங்கை கொண்டுவந்ததை முழுக்கப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. பல் டாக்டர் ஒரு காலுறையில் இரண்டு குதிகால் வைத்திருந்தார். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் ஊருக்கே போய்விட்டார். விட்டுப்போன இரண்டாவது காலுறைகள் ஒன்பதையும் கடைக்காரியே பின்னினாள். நூல் அளந்துகொடுத்துக்கொண்டே பின்னினாள், ஃபோனில் திட்டிக்கொண்டே பின்னினாள். கறுப்பு, நீலம், சாம்பல், மறுபடி சாம்பல். எது யாருடைய இடது, எது யாருடைய வலது என்ற கணக்கு கையை விட்டுப் போய், வேகம் மட்டும் மிஞ்சியது.

வியாழக்கிழமை சாயங்காலம் பட்டியலில் இருபத்திரண்டு டிக். ஒவ்வொரு ஜோடியையும் விரித்து, நீட்டி, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சோதித்தாள். காகிதத்தில் சுற்றிக் கட்டில் நம்பர் எழுதினாள். மேல்தட்டில் இருந்த சின்னப் பையை மட்டும் அப்படியே எடுத்துக் கூடையில் வைத்தாள். தன் வேலையைத் தானே சோதிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. இத்தனை வருடத்தில் அதற்கு அவசியம் வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை, வருடத்திலேயே வியாபாரம் அதிகமான நாள், காலை ஒன்பதேமுக்காலுக்குப் பலகையை மாட்டிவிட்டுக் கூடையோடு கிளம்பினாள்.

இல்லத்தின் கீழ்த்தளக் கூடத்தில் இருபத்திரண்டு பேரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயும் டைல்ஸ்தான்; எல்லாரும் பாதத்தைத் தரையில் படாமல் நாற்காலிக் கம்பியில் ஏற்றி வைத்திருந்தார்கள். வார்டன் நம்பரைக் கூப்பிட, அவள் பொட்டலத்தைக் கொடுத்தாள். பிரிக்கலாம், தொட்டுப் பார்க்கலாம், கடைசி ஆள் வாங்கும் வரைக்கும் போடக் கூடாது. அதுவும் சட்டம். சொந்த அண்ணனுக்கு முதலில் கொடுத்தால் நன்றாக இருக்காது என்று ஏழாம் நம்பரைக் கடைசிக்கு வைத்திருந்தாள். இருபத்தொரு மடியில் இருபத்தொரு ஜோடி. சிலர் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவளுக்கு ஆறு வாரத்தில் முதல் முறையாக மனசு லேசானது.

"ஏழு" என்றார் வார்டன்.

பையை அண்ணன் மடியில் வைத்தாள். அவர் நிதானமாக நாடாவை அவிழ்த்து, ஒரு காலுறையை எடுத்தார். மறுபடி கையை விட்டார். நாலு ஊசிகளில் தொங்கிக்கொண்டு ஒரு பாதமும் குதிகாலும் வெளியே வந்தன, பின்னாலேயே நூல் உருண்டை விழுந்து கூடத்தின் நடுவில் உருண்டது.

எல்லார் கண்ணும் உருண்டையோடு போனது. பிறகு, பல்செட்டு இல்லாத ஒருவர், ஜன்னலுக்கு வெளியே போனது அவருடையதாகத்தான் இருக்க வேண்டும், "அம்மா, இது பின்னலா, மீன்பிடிக்கிற கருவியா?" என்று கேட்டார்.

அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. ஊருக்கு உபதேசம் செய்கிறவளுக்கு வாய்த்ததைப் பார். பத்துப் பேரை நிற்க வைத்துக் கேட்ட அதே கேள்வி, பெற்ற தாயிடம் கேட்பது போல உரிமையோடு இருபத்தொரு முகத்தில் தெரிந்தது: இன்னொண்ணு எங்கே?

"வார்டன் சார், மத்தவங்க போட்டுக்கட்டுமே. இவருக்கு நான் சாயங்காலம் கொண்டாந்துடறேன்."

"சட்டம் சட்டம்தான்மா. பன்னிரண்டு மணி வரைக்கும் நேரமிருக்கு." வார்டன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். பத்து அடித்து ஐந்து நிமிடம்.

அவள் நாற்காலியை இழுத்து அண்ணனுக்கு எதிரில் போட்டாள். பின்ன ஆரம்பித்தாள். இருபத்தொரு பேர் மடியில் காலுறையை வைத்துக்கொண்டு, காலைக் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் கையையே பார்த்தார்கள். யாரோ உருண்டையை எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தார்கள்.

கோபம் கையில் இறங்கியது. பல் டாக்டர் மேல், பஸ் அக்கா மேல், காய்ச்சலில் படுத்தவர் மேல், இந்த வார்டன் மேல். நாலு சுற்று போனதும் குனிந்து பார்த்தாள்: கண்ணிகள் அந்த அக்கா தங்கையில் அக்கா பின்னியது மாதிரி இறுகிப்போயிருந்தன. இதில் அண்ணன் கால் நுழையாது. பல்லைக் கடித்துக்கொண்டு நாலு சுற்றையும் பிரித்தாள். எதிரே ஒரு பெருமூச்சு கிளம்பியது. இருபத்தொரு பேரும் சேர்ந்து விட்ட பெருமூச்சு. மறுபடி ஆரம்பித்தபோது கோபப்பட வேறு ஆள் மிச்சமில்லை. டிக் போட்ட கை தன் கை. அதை நம்பினதும் தான்தான்.

"மன்னிச்சுக்கோண்ணே" என்றாள், தலை நிமிராமல்.

"எதுக்கு? நீ பின்னு." அண்ணன் வலது காலை, முடிந்திருந்த காலுறைக்குள் மெல்ல விட்டு வைத்துக்கொண்டார். வார்டன் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார். "கடைல யாரு?"

"யாருமில்ல. போர்டு போட்டிருக்கேன்."

"பத்து நிமிஷமா?"

"ம்."

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. வாய்க்குள் சிரித்துக்கொண்டார். அவர் சிரித்து அவள் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது. நாலு நிமிடத்தில் மனிதர்கள் எங்கே சிரிக்கிறார்கள்?

அவர் பேசினார். இரண்டாம் நம்பர்காரர் குறட்டை, பதினொன்றாம் நம்பர்காரருக்கு ஒன்பது பேத்திகள், சாயங்காலம் மேற்கு ஜன்னலில் வந்து உட்காருகிற ஒரு பூனை. அவள் "ம்", "ம்" என்று பின்னிக்கொண்டிருந்தாள். நடுவில் அவர் சாதாரணமாகக் கேட்டார், "அந்தப் பின்னறைல இப்ப என்ன இருக்கு பாப்பா?"

ஊசி நின்றது. காலி பண்ணிக்கிட்டே இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தாள். இன்னொரு டிக் போட அவளுக்குத் தைரியமில்லை.

"நூலு" என்றாள். "கூரை வரைக்கும். ஒரு மூட்டைகூட எடுக்கலண்ணே."

"சரி" என்றார் அவர். அவள் கண்ணைத் துடைத்தால் கண்ணி விட்டுப்போகும் என்று துடைக்காமல் பின்னினாள்.

ஃபோன் அடித்தது. பஸ் அக்கா. "எங்க இருக்கீங்க? நூல் வாங்கலாம்னு வந்தேன். பத்து நிமிஷம்னு போட்டிருக்கு, ஒரு மணி நேரமாச்சாம். வாசல்ல ஒன்பது பேரு. ஒருத்தர் கதவை உதைக்கிறாரு."

"உதைக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பதினொன்றேகாலுக்குக் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் வந்துவிட்டது. அவள் கால்விரல் நுனியில் ஆரம்பித்து மேல்நோக்கிப் பின்னுகிறவள். ஆகவே எந்த இடத்தில் கண்ணிகளை மூடி நிறுத்தினாலும் காலுறைதான். வலதோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். கச்சிதம்.

"அவ்வளவுதான், மூடிடறேன்."

"இன்னும் கொஞ்சம் நீளம் வேணும் பாப்பா."

"வலது இவ்வளவுதானே இருக்கு?"

"இடது காலுதான் அதிகமா சில்லுன்னு இருக்கு. அடிபட்ட பக்கம்."

சரிதான் என்று இன்னும் எட்டுச் சுற்றுப் பின்னினாள். "போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் எட்டு. பதினொன்று முப்பத்தைந்து. வட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. "ஏம்மா, அது வலது சாக்ஸத் தாண்டிப் போயிட்டிருக்கே!" என்றார் பதினொன்றாம் நம்பர்காரர். "யானைக்கா பின்றீங்க?" என்றார் பல்செட்டு இல்லாதவர். அவளுக்கும் எரிச்சல் பொங்கியது. கண்ணில்லையா இந்த மனிதருக்கு? ஆறு வாரம் உயிரை வாங்கி, கடையைப் பூட்டி, இப்போது கடைசி நிமிடத்தில் அண்ணனே வம்பு பண்ணினால்?

"அண்ணே, அளவு எப்பவோ முடிஞ்சிடுச்சு. பாரு, முழங்காலுக்குப் பக்கத்துல வந்தாச்சு."

"இன்னும் கொஞ்சம்" என்றார் அவர். காலுறையை அவர் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டில் நம்பரைக் கூப்பிட்டதிலிருந்தே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு வருடத்தில் தங்கை தனக்கு எதிரே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது இன்றைக்குத்தான். அதுவும் சட்டத்துக்குப் பயந்து.

எரிச்சல் போகவில்லை, அது திரும்பி அவளையே பார்த்தது. இன்னும் ஆறு சுற்று பின்னினாள், வேகத்தைக் குறைத்து. அதற்கு மேல் மனசில்லை. இருபத்தொரு பேர் கால் குளிர்ந்துகொண்டிருந்தது. பதினொன்று ஐம்பதுக்குக் கண்ணிகளை ஒவ்வொன்றாக மூடி, நூலைக் கத்தரித்து, அண்ணன் காலில் அவளே மாட்டிவிட்டாள்.

"போடலாம்!" என்றார் வார்டன்.

கூடம் அமளிப்பட்டது. குனிய முடியாதவருக்குக் குனிய முடிந்தவர் மாட்டிவிட்டார். ஒருவர் கால்களைத் தரையில் ஊன்றி, "ஆகா" என்றார். டைல்ஸ் மேல் வழுக்கி வழுக்கி ஒருவர் நடந்து காட்ட, வார்டன் ஓடிப்போய்ப் பிடித்தார். பன்னிரண்டு அடிக்கும்போது நோட்டில் இருபத்திரண்டு என்று எழுதி, ஆபீஸைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

கடைக்காரி காலிக் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஃபோன் மறுபடி அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஊன்றி நடக்கிற கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்து மெதுவாக எழுந்து நின்று, தன் கால்களைக் குனிந்து பார்த்தார். இடதில் காலுறை முழங்கால் வரை ஏறியிருந்தது. வலதில் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண்.

"பாப்பா" என்றார். "இப்ப வலது குட்டையா இருக்கே."

"அடக் கடவுளே!" என்று வட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவள் வாசலைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். ஃபோனை எடுத்தாள்.

"அக்கா, அந்தப் போர்டைக் கழட்டிடு. இன்னைக்குக் கடை லீவுன்னு எழுதி ஒட்டு. ஆமா, இன்னைக்குத்தான். கதவை உதைக்கிறவர்கிட்ட நாளைக்கு வரச் சொல்லு. வட்டமேசை ஆளுங்ககிட்டயும் சொல்லிவை, நாளைக்குச் சாயங்காலம் பின்னறைல மூட்டை தூக்கணும். டிக் எல்லாம் வேணாம், ஆளுதான் வேணும்."

ஃபோனை வைத்துவிட்டு, அண்ணனைத் தோளில் பிடித்து உட்காரவைத்தாள். நாற்காலியை முன்னைவிடக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, வலது காலுறையின் மேல் விளிம்பில் தான் போட்ட முடிச்சைத் தேடி நகத்தால் நெம்பினாள். உருண்டையில் நூல் இன்னும் இருந்தது.